85 டிகிரி வெயிலா, சென்சார் உளறலா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கம்பியில்லா சென்சார் வலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வயலிலோ மலைச்சரிவிலோ பாலத்திலோ சின்னச் சின்ன டப்பாக்களை வைத்துவிட்டால், ஒவ்வொன்றும் தான் அளந்ததைப் பக்கத்து டப்பாவிடம் ரேடியோவில் சொல்ல, அது அடுத்ததிடம் சொல்ல, கடைசியில் கேட்வே என்கிற பெட்டி வழியாக உங்கள் போனுக்கு வந்து சேரும். அந்த டப்பாவுக்கு நோடு என்று பெயர். இவ்வளவுதான் சங்கதி. "நன்றாகத்தான் எழுதினீர்கள், எங்கள் ஊரில் ஓடவில்லையே" என்கிற தொனியில் கடிதங்கள் குவிந்துவிட்டன. நியாயம்தான். இந்த முறை முழுக்க ரிப்பேர்.

*

கேள்வி: வாழைத்தோட்டத்தில் சில நோடுகள் வைத்திருக்கிறோம். அதில் ஒன்று விடிகாலை ஐந்து மணிக்கு மண் வெப்பம் 85 டிகிரி என்கிறது. இன்னொன்று மைனஸ் 127. அமைத்துக் கொடுத்தவர்கள் போனையே எடுப்பதில்லை. சென்சாரை மாற்றிவிடலாமா ஐயா?
– ஒரு விவசாயி, சின்னமனூர்

பதில்: மாற்றாதீர்கள், காசு மிச்சம். இந்த இரண்டு எண்களையும் பார்த்ததுமே உங்கள் சென்சாரின் பெயரைச் சொல்லிவிடலாம்: டிஎஸ்18பி20. ஸ்டீல் மூக்கும் மூன்று வயரும் உள்ள, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற சரக்கு. அதற்குக் கரன்ட் கொடுத்த நொடியில் உள்ளே பதிந்திருக்கும் எண் 85தான், தயாரிக்கும்போதே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம் "அளந்து சொல்" என்று கட்டளை கொடுத்து, முழுத் துல்லியம் வேண்டுமானால் முக்கால் நொடி (750 மில்லி செகண்ட்) வரை பொறுத்திருந்து கேட்டால் உண்மையான வெப்பம் வரும். பொறுக்காமல் கேட்டாலோ, அளக்கிற நேரத்தில் பேட்டரி ஒரு கணம் தடுமாறி சென்சார் முதலிலிருந்து எழுந்தாலோ 85 வரும். "எனக்கு இன்னும் தெரியாது" என்பதை அது 85 என்கிறது, அவ்வளவுதான். மைனஸ் 127 இன்னும் வேடிக்கை. அந்த சென்சாருக்கு மைனஸ் 55க்குக் கீழே அளக்கவே தெரியாது. ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் இதற்கென்று எல்லோரும் போடுகிற லைப்ரரி (தயார் நிலையில் கிடைக்கும் புரோகிராம்), சென்சாரிடமிருந்து பதிலே வராதபோது "ஆள் வீட்டில் இல்லை" என்பதற்குக் குறியாக அந்த எண்ணைத் தருகிறது.

ஆகவே முதல் நோடில் பேட்டரியையும், புரோகிராமில் அந்த முக்கால் நொடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவதில் வயர் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள், உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். சுரண்டி, சாலிடர் வைத்து, மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். டேட்டா வயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடவும்.

எனக்கு வருத்தம் சென்சார் மீது இல்லை, "தெரியாது" என்பதை ஒரு வெப்பநிலையாகவே உங்கள் போன் வரை வரவிட்ட புரோகிராம் மீதுதான். அது பிழை என்று தனியாக வர வேண்டும். அதற்காக "85 வந்தால் தூக்கி எறி" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கிவிடவும் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு 85 வந்துகொண்டிருந்த நோடில் திடீரென்று நாற்பது வந்தால், அந்த எண்ணிக்கைதான் உங்களுக்குக் கிடைத்த மருத்துவ ரிப்போர்ட்.

*

கேள்வி: சார், எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், நோடு பழுதைத் தாங்கும் ரூட்டிங் (டேட்டா எந்த நோடு வழியாகப் போவது என்று வழி பிடிப்பது). என்எஸ்2 சிமுலேஷனில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே வலையை ஓட்டிப் பார்ப்பது) 100 நோடு போட்டு, அனுப்பிய பாக்கெட்டில், அதாவது செய்தித் துண்டுகளில், 98 சதவீதம் வருகிறது. நிஜத்திலும் இப்படி வருமா என்று கைடு கேட்கிறார். என்ன சொல்வது?
– ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, உங்கள் கைடு நல்லவர், விட்டுவிடாதீர்கள். இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் போடாத இன்ஜினீயரிங் காலேஜ் நம் மாநிலத்தில் இருக்கிறதா என்பதே சந்தேகம், "நிஜத்தில்?" என்று கேட்ட கைடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சிமுலேட்டரில் நோடு மரியாதையாகச் சாகும். பேட்டரி எண் பூஜ்யம் ஆனதும் நின்றுவிடும், பக்கத்து நோடு அடுத்த வழியைப் பிடித்துக்கொள்ளும், கிராஃப் அழகாக வரும். நிஜத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2005ல் நெதர்லாந்தில் போர்கர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு உருளைக்கிழங்கு வயலில் நடந்ததைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கில் ஃபைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியால் கருகல் நோய் வரும் (1845ல் அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே ஆசாமி). இலைகளுக்கு நடுவே ஈரமும் வெப்பமும் எப்படி என்று தெரிந்தால் எப்போது மருந்தடிப்பது என்று முடிவு செய்யலாம். அதற்காக டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்களும் கூட்டாளிகளும் சேர்ந்து சுமார் நூறு நோடு வைத்தார்கள். விவரம் தெரியாதவர்கள் இல்லை, இந்தத் துறையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

என்ன ஆயிற்று? புரோகிராமின் ஒரு திருத்தம் பாதி மட்டும் பொதுக் கிடங்கில் ஏறியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. விளைவு, ஒரு பகுதி பேசும் பாஷை இன்னொரு பகுதிக்குப் புரியவில்லை. ரேடியோ வழியாகவே எல்லா நோடுக்கும் புதுப் புரோகிராம் பரப்பும் வசதி ஒன்று வைத்திருந்தார்கள். அது ஓயாமல் பரப்பிக்கொண்டே இருந்தது, போய்ச் சேர்ந்தபாடில்லை, நாலே நாளில் பேட்டரி எல்லாம் காலி. அதைச் சரிசெய்து மறுபடி வைத்தால், அக்கம்பக்கத்து நோடுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் அட்டவணை சின்னது, வயலில் அக்கம்பக்கம் அதிகம், அதனால் கேட்வேயின் பெயரே பல நோடுகளின் அட்டவணையில் இடம் பிடிக்கவில்லை. வழி தெரியாமல் எங்கே அனுப்புவது? போதாக்குறைக்கு வாட்ச்டாக் (நோடு முடங்கினால் தானே எழுப்பிவிடும் டைமர்) வேறு சில மணி நேரத்துக்கு ஒரு முறை நோடுகளை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் கையில் கிடைத்த டேட்டா, வந்திருக்க வேண்டியதில் 2 சதவீதம்.

அதை மறைக்காமல் ஒவ்வொரு சொதப்பலையும் வரிசையாக எழுதி 2006ல் வெளியிட்டார்கள் பாருங்கள், அந்த மனசுக்காகவே அவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை. கைடிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே முடிந்தால் ஐந்தே ஐந்து நோடு வாங்கி ஹாஸ்டல் மொட்டை மாடியில் பத்து நாள் ஓட்டுங்கள். 98 எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணை ரிப்போர்ட்டில் போடுங்கள். வைவாவில் உங்களைப் போல இன்னொருத்தர் இருக்க மாட்டார்.

*

கேள்வி: நோடு செத்துவிட்டதா, சிக்னல் இல்லாமல் தவிக்கிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறையும் நாலு கிலோமீட்டர் நடந்து போய்ப் பார்க்க முடியவில்லை.
– வனத்துறையில் ஒப்பந்த வேலை, கூடலூர்

பதில்: ஒவ்வொரு பாக்கெட்டிலும் மூன்று எண்ணைக் கூடவே அனுப்பச் சொல்லுங்கள்: வரிசை எண், இதுவரை எத்தனை தடவை ரீஸ்டார்ட் ஆனது, பேட்டரி வோல்டேஜ். நாலைந்து பைட்டில் முடிந்துவிடும். அப்புறம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாடி பார்க்கலாம். ஏழாம் நோடிலிருந்து 211, 212, 215, 216 என்று வந்தால் நோடு சௌக்கியம், நடுவே இரண்டு பாக்கெட் காற்றோடு போயிற்று. 211, 212, அப்புறம் 0, 1 என்று வந்தால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஒரு நாளில் இது ஆறு முறை நடந்தால் புரோகிராமிலோ பேட்டரி இணைப்பிலோ கோளாறு. 212 வரை வந்து அமைதி, கடைசி வோல்டேஜ் 2.2 என்றால் பேட்டரி. அதே அமைதி, கடைசி வோல்டேஜ் 2.9 என்றால்? நல்ல பேட்டரியோடு போன நோடு. யானையோ குரங்கோ, திருடனோ, விழுந்த கிளையோ. அதற்குத்தான் நடக்க வேண்டும்.

எத்தனை பாக்கெட் வராவிட்டால் "போய்விட்டது" என்று அறிவிப்பது என்பது தனிக் கணக்கு. ஒன்று தவறியதும் அலாரம் அடித்தால் உங்கள் கால் தேயும், இருபது வரை காத்திருந்தால் தீ எரிந்து அணைந்திருக்கும். கணக்குப் பாடம் போல ஒரு விடை கிடையாது. உங்கள் இடத்தில் சாதாரண நாளிலேயே எத்தனை பாக்கெட் தவறுகிறது என்று ஒரு வாரம் எழுதி வைத்துவிட்டு, அந்த நோடுக்குத் தக்கபடி வையுங்கள். பள்ளத்தில் இருக்கும் நோடுக்கு ஒரு அளவு, மேட்டில் இருப்பதற்கு வேறு. எல்லாவற்றுக்கும் 'மூன்று' என்று ஒரே எண்ணைப் போட்டு வைப்பது சோம்பேறித்தனம். நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

*

கேள்வி: இரண்டு பென்சில் செல் போட்டால் ஒன்றரை வருஷம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு ஐந்தே நாள். அதிலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நோடுதான் முதலில் போகிறது. ஏமாற்று வேலையா?
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்களிடம் மில்லியாம்பியர் கணக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல அல்கலைன் பென்சில் செல்லில் தோராயமாக 2500 மில்லியாம்பியர் மணி இருக்கும். இந்த மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில் சிசி2420 என்று ஒரு பழைய பிரபலமான சிப், அனுப்பும்போது ஏறக்குறைய 17, கேட்டுக்கொண்டிருக்கும்போது 19 மில்லியாம்பியர் எடுக்கும். கவனியுங்கள், பேசுவதைவிடக் காது கொடுப்பதற்குச் செலவு அதிகம்! 2500ஐ 20ஆல் வகுத்தால் 125 மணி நேரம், அதாவது ஐந்து நாள் சொச்சம். உங்கள் ஐந்து நாள் இதோ. ரேடியோ தூங்கவே இல்லை. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் 12,500 மணி, கிட்டத்தட்ட 520 நாள். பெட்டியில் போட்டிருப்பது அந்தக் கணக்கு. ஆக ஏமாற்றவில்லை, தூங்க வைக்கிற வரியை உங்கள் ஆள் எழுதவில்லை, அல்லது எழுதியது வேலை செய்யவில்லை.

பக்கத்து நோடு முதலில் போவதற்கு வேறு காரணம். கூட்டமான டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவர்கள் டிக்கெட் காசைக் கை மாற்றி விடுவார்கள் இல்லையா, கண்டக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பாடுதான் திண்டாட்டம். பஸ்ஸில் பாதிப் பேர் காசு அவர் கை வழியாகத்தான் போக வேண்டும், தான் ஏறியதே அடுத்த ஸ்டாப்பில் இறங்க என்றாலும் விடமாட்டார்கள். கேட்வேக்கு அருகில் இருக்கும் நோடின் கதி அதுதான். அது போய்விட்டால் பின்னால் இருப்பவை நல்ல பேட்டரியோடு இருந்தும் பயனில்லை. வேலையை முறை வைத்து மாற்றிக்கொள்ளும் உத்திகள் உண்டு. 2000ல் வந்த லீச் என்கிற முறை அதில் பெயர் பெற்றது, ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு நோடு தலைமை ஏற்கும். ஆய்வுக் கட்டுரைகளில் அதற்குக் குட்டி, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் இருக்கிறது. எட்டு, பத்து நோடு வைத்திருக்கும் உங்களுக்கு அதெல்லாம் எதற்கு? பக்கத்து நோடுக்குப் பெரிய பேட்டரியோ, வீட்டுக் கரன்ட்டோ கொடுத்துவிடுங்கள். அதோடு அதற்கு மாற்றாக இன்னொரு நோடை வேறு திசையில் வையுங்கள். காசை வாங்கிக் கொடுக்க இரண்டு கை இருந்தால் ஒருவர் இறங்கினாலும் பஸ் நிற்காது.

*

கேள்வி: பேட்டரி தீரும் வரை சென்சார் சரியாகத்தானே காட்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: காட்டாது, அங்கேதான் சிக்கல். 2004ல் கலிஃபோர்னியாவில் சோனோமா பக்கம் 70 மீட்டர் உயர ரெட்வுட் மரம் ஒன்றில் 15 மீட்டர் உயரத்திலிருந்து நுனி வரை நோடுகளைக் கட்டி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, 44 நாள் அளந்தார்கள். மூன்று வோல்ட்டில் ஆரம்பித்த பேட்டரி 2.4க்கு இறங்கியதும் சில நோடுகள் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தன. அப்போதும் ரேடியோ ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது! செத்துப் போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு கட்டம் காலி என்று விட்டிருக்கலாம். சாகும் முன் உளறியதுதான் தொல்லை. பேட்டரி வோல்டேஜையும் சேர்த்துப் பதிந்திருந்ததால்தான், எந்த அளவுகளைத் தள்ளுவது என்று பிறகு அவர்களால் பிரிக்க முடிந்தது. மேலே கூடலூர்க்காரருக்குச் சொன்ன மூன்று எண்ணில் வோல்டேஜ் இருப்பது இதற்காகவும்தான்.

*

கேள்வி: மழைக்காலம் வந்தால் பாதி நோடு படுத்துவிடுகிறது. வாட்டர் புரூஃப் டப்பாதான், எம்-சீல் கூடப் போட்டோம்.
– தேயிலைத் தோட்ட மேலாளர், வால்பாறை

பதில்: தண்ணீர் மேலிருந்து வருவதாக நினைத்து மேலே அடைத்திருப்பீர்கள். அது வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து வரும். வயர் நுழையும் ஓட்டை டப்பாவின் அடிப்பக்கம் இருக்க வேண்டும், சரியான அளவு கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைப்பது) வேண்டும், நுழைவதற்கு முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். அப்படியும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றே இரவுக் குளிரில் வியர்த்து போர்டில் படியும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

2002ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிரேட் டக் தீவு என்ற சின்னத் தீவில், பெட்ரல் என்கிற கடற்பறவை வளைக்குள் முட்டையிடுவதைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்க, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 32 நோடு வைத்தார்கள். போர்டுகளுக்கு நீர் புகாத பூச்சும் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஈரப்பதம் அளக்கிற சென்சார் காற்றைத் தொட்டால்தானே அளக்கும், அதை மூட முடியாதே! தண்ணீர் அந்த வழியில் நுழைந்தது. சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். ஈரப்பத சென்சார் நடக்கவே முடியாத அளவுகளைக் காட்டத் தொடங்கிய நோடுகள் கொஞ்ச நாளில் முழுதாகவே படுத்தன. பைத்தியம் பிடித்த சென்சார், வரப்போகும் சாவுக்குக் கட்டியம் கூறியிருக்கிறது. உங்கள் நோடில் மலிவான ஈரப்பத சென்சார் ஒன்றை டப்பாவுக்கு வெளியே அல்ல, உள்ளேயே வைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் ஏற ஏற, மழை விட்ட அடுத்த நாளே போய் எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

*

கேள்வி: ஒரு நோடு பொய் சொன்னால் மற்ற நோடுகளின் மெஜாரிட்டியை வைத்துத் தள்ளிவிடலாம் என்கிறார்கள். நிலச்சரிவு ஒரு இடத்தில்தானே தொடங்கும்? அந்த ஒரு நோடு சொல்வது உண்மையாக இருந்தால்?
– பள்ளி ஆசிரியை, குன்னூர்

பதில்: இந்த இதழின் சிறந்த கேள்வி இதுதான், டீச்சர். இந்தத் துறையில் ஆண்டுக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

முதலில் மெஜாரிட்டியின் நல்ல பக்கம். ஐந்து நோடு 31, 32, 31, 33, 85 என்கின்றன. சராசரி போட்டால் 42.4. ஒரு பொய்யன் மொத்தக் குடும்பத்தையும் கெடுத்துவிட்டான். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 32, பொய்யன் என்ன சொன்னாலும் அது 31, 32க்கு வெளியே போகாது. கேட்வே நம்பகமானது, நோடுகள் எல்லாம் அதனிடம் நேராகச் சொல்கின்றன என்றால், ஒரு பொய்யனைச் சமாளிக்க மொத்தம் மூன்று பேர் போதும். நடுவர் இல்லாமல் நோடுகளே தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும், பொய்யன் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்வான் என்றால் நாலு பேர் வேண்டும். 1982ல் லாம்போர்ட் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானியும் இரண்டு சகாக்களும் பைசாண்டியத் தளபதிகள் என்று கதை கட்டி நிரூபித்த கணக்கு அது.

ஆனால் நீங்கள் சொல்வது போல், அந்த 85 பக்கத்தில் பிடித்த காட்டுத்தீயாக இருந்தால் நடு எண் அதை அமுக்கிவிடும். இங்கே ஓட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த எண் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். தீ என்றால் 31, 36, 48, 70 என்று ஏறி வரும், பிறகு நோடே எரிந்து போகும், காற்றடிக்கும் திசையில் உள்ள அடுத்த நோடு சூடாகும். ஒரே ஒரு முறை 85 காட்டி அடுத்த நிமிஷம் 31க்கு வந்தால் அது வயரோ பேட்டரியோதான். ஆறு மணி நேரம் 27.44, 27.44, 27.44 என்று தசமம் கூட மாறாமல் வந்தால் அது சிலை, இயற்கையில் எதுவும் அப்படி அசையாமல் நிற்காது. உலகத்தில் எந்த வேகத்தில் எது மாறும் என்பது தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், ஒரே மாதிரி சென்சார்களிடம் கேட்காமல் வேறு வேறு சாதியினரிடம் சாட்சி கேட்பது. மூணாறில் அந்தோணியார் காலனி மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த நிலச்சரிவு எச்சரிக்கை வலையில் இதைப் பார்க்கலாம். மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்க ஒரு வகை சென்சார், சாய்வு அளக்க ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, மழைமானி தனியாக. மழையே இல்லாதபோது நீரழுத்தம் மட்டும் எகிறினால் முதலில் சென்சாரைச் சந்தேகப்படலாம். மூன்று நாளாகக் கொட்டுகிறது, நீரழுத்தம் ஏறுகிறது, சாய்வும் லேசாக நகர்கிறது என்றால் ஒரே இடத்தில்தான் என்றாலும் ஊரை எழுப்ப வேண்டியதுதான். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகத்தின் பலனை நோடுக்குக் கொடுத்துவிடுவது என் கட்சி. தப்பான அலாரத்துக்கு நாலு பேர் திட்டுவார்கள், திட்டட்டும்.

*

கேள்வி: வாட்ச்டாக் போட்டாலே போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.
– எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், மதுரை

பதில்: வாட்ச்டாக் என்பது ஒரு டைமர். புரோகிராம் அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தட்ட மறந்தால் ஆள் தூங்கிவிட்டான் என்று நோடை ரீஸ்டார்ட் செய்துவிடும். நல்ல நாய்தான். ஆனால் நிறைய பேர் தட்டிக்கொடுக்கிற வேலையை டைமர் இன்டரப்டில் (மெயின் வேலையைக் கேட்காமல் கடிகாரம் போலத் தனியாக ஓடும் துண்டுப் புரோகிராமில்) போட்டுவிடுகிறார்கள், மெயின் வேலை முடங்கிக் கிடக்கும்போதும் அந்தக் கை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். நாய்க்கு என்ன தெரியும்? அளந்து, அனுப்பி முடித்த இடத்தில் தட்டுங்கள்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அவசர வேலை ஒன்று, சாதாரண வேலை ஒன்றின் பின்னால் சிக்கிக்கொண்டதுதான் காரணம். ரீசெட்தான் கலத்தைக் காப்பாற்றியது, சந்தேகமில்லை. ஆனாலும் அவர்கள் அத்தோடு விடாமல் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தை ரேடியோவில் அனுப்பினார்கள். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: ரீசெட் எதனால் ஆனது என்பதைச் சிப்பே குறித்து வைத்திருக்கும், எழுந்ததும் முதல் பாக்கெட்டில் அதை அனுப்பச் சொல்லவும்.

*

கேள்வி: நேற்று இரவு எல்லா நோடும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. இடியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்வேயில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்தீர்களா? 28 நாள் முடிந்திருக்கும்.

சிரிக்காதீர்கள். 2005ல் ஈக்வடாரில் ரெவென்டடார் எரிமலை மீது ஹார்வர்ட் குழு 16 நோடு வைத்து 19 நாள் ஓட்டியது. எரிமலை மேல் இருந்த நோடுகள் பெரும்பாலும் தாக்குப் பிடித்தன, கீழே பத்திரமாகக் கூரைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்குத்தான் கரன்ட் போய்ப் போய் வந்தது. நூறு நோடும் ஒன்றாகச் சாவது அபூர்வம், எல்லாம் கடந்து வரும் ஒரே வாசல் அடைபடுவது சகஜம். கேட்வேக்கு யுபிஎஸ், இரண்டாவது சிம், கேட்வே பேசாதபோது நோடுகள் டேட்டாவைத் தங்கள் மெமரியிலேயே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும் ஏற்பாடு, இந்த மூன்றையும் செய்துவிட்டு அப்புறம் ரூட்டிங் பற்றி யோசிக்கலாம்.

*

கேள்வி: மாடித் தொட்டியில் வயர்லெஸ் வாட்டர் லெவல் சென்சார். போன வாரம் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் வரை நனைந்து ஒரே சண்டை. செயலியில் பார்த்தால் 60 சதவீதம் என்றே இருந்தது. செயற்கை நுண்ணறிவு உள்ள மாடல் வாங்கினால் சரியாகுமா அண்ணா?
– இல்லத்தரசி, ஆவடி

பதில்: வேண்டாம்மா. உங்கள் சென்சார் 60ல் மூச்சை விட்டுவிட்டது, செயலி அந்தக் கடைசி 60ஐயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பால் பாக்கெட்டில் தேதி போடுகிற மாதிரி ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காலாவதி நேரம் வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் புது அளவு வரவில்லையா, 60 என்று காட்டாதே, "தெரியவில்லை" என்று காட்டு, மோட்டாரை நிறுத்து. நோடு செத்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இதில் புத்திசாலித்தனம். உங்கள் வீட்டில் சந்தேகம் வந்தால் மோட்டார் நிற்க வேண்டும். மீன் பண்ணையில் காற்று செலுத்தும் மோட்டார் என்றால் சந்தேகம் வந்தால் ஓட வேண்டும், நின்றால் மீன் செத்துவிடும். இந்த முடிவை எந்த மாடலும் உங்களுக்காக எடுக்காது, வாங்கும்போது கடைக்காரரிடம் "சிக்னல் போனால் மோட்டார் ஓடுமா, நிற்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விழித்தால் வேறு கடை.

*

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் வைத்ததில் எத்தனை ஓடுகிறது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நண்பரின் தென்னந்தோப்பில் 12 வைத்தேன், இன்று காலை நிலவரப்படி 8. ஒன்றின் டப்பாவுக்குள் எறும்பு புற்றே கட்டி, முட்டையை எல்லாம் ரேடியோ சிப்பின் மேல் அடுக்கி வைத்திருந்தது, கதகதப்பாக இருந்திருக்கும் போல. இன்னொன்றின் வயரை எலி கடித்தது. மூன்றாவதன் தலையில் தேங்காய் விழுந்தது. தென்னை மரத்தடியில் யாராவது வைப்பார்களா என்று கேட்காதீர்கள், வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். நாலாவது எங்கே என்றே தெரியவில்லை. ஓடுகிற எட்டில் ஒன்று விடிகாலையில் மட்டும் 85 காட்டுகிறது. சின்னமனூர்க்காரருக்கு எழுதிய பதிலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.